திருமண மேடையில் வண்ணத்துப் பூச்சி: முன்பணம் கொடுக்கும் முன் ஒரு கேள்வி

புது தில்லி: நாடாளுமன்றச் செய்தியாளருக்கு உறவினர்களிடமிருந்து வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் ரயில் பயணச்சீட்டுக்கான சிபாரிசுக் கடிதம், திருமலை தரிசனத்துக்கான எம்.பி. பரிந்துரை ஆகியவற்றைப் பற்றியே இருக்கும். சித்தூரில் வசிக்கும் பெரியப்பா மகன் அண்மையில் அழைத்தபோதும் அப்படித்தான் நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

மகளுக்குத் திருப்பதியில் ஒரு மண்டபத்தில் திருமணம். முதல் நாள் மாலை வரவேற்பு நிகழ்ச்சி. மணமக்கள் மேடையேறும்போது நூறு உயிருள்ள வண்ணத்துப் பூச்சிகளைப் பறக்கவிட ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் இசைந்திருக்கிறார். விருந்தினர் கையில் ஆளுக்கொரு சிறு காகித உறை தரப்படும். சொன்னதும் அனைவரும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. அதன் பிறகுதான் வனத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர், "இது கேஸ் ஆகிவிடப் போகிறது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்.

"தம்பி, சட்டம் போடுகிற இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறாய். கொஞ்சம் விசாரித்துச் சொல்லேன்" என்றார் அண்ணன்.

சட்டம் போடுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சட்டம் தெரியும் என்ற நம்பிக்கை வெளியூர்களில் இன்னும் இருப்பது மகிழ்ச்சிதான். விசாரித்ததில் தெரியவந்தவை, இந்த ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்பதால் இங்கே எழுத நேர்கிறது.

அமெரிக்காவிலிருந்து வந்த வழக்கம்: திருமணங்களிலும் நினைவஞ்சலிக் கூட்டங்களிலும் வண்ணத்துப் பூச்சிகளைப் பறக்கவிடும் வழக்கம் அமெரிக்காவில் பரவியது. அதற்கென்றே பண்ணைகள் இருக்கின்றன. பண்ணையாளர்களுக்குத் தனிச் சங்கமும் உண்டு. அதிகம் விற்பனையாவது மொனார்க் எனப்படும் ஆரஞ்சும் கறுப்பும் கலந்த இனமும், பெயின்டட் லேடி என்ற சிறிய இனமும்தான். ஒரு டஜன் மொனார்க்கின் விலை ஏறக்குறைய நூறு டாலர். மனத்திலுள்ள விருப்பத்தை வண்ணத்துப் பூச்சியின் காதில் ரகசியமாகச் சொன்னால் அது விண்ணுக்குக் கொண்டு சேர்த்துவிடும் என்ற கதையும் விற்பனையோடு சேர்ந்தே வருகிறது. வண்ணத்துப் பூச்சிக்கு நம்மைப் போலக் காது கிடையாது என்பதை வாங்குகிறவர்கள் பொருட்படுத்துவதில்லை.

தொழில்நுட்பம் எளிமையானது. பூச்சி குளிர்ரத்தப் பிராணி. சுற்றுப்புற வெப்பம் குறைந்தால் அசைவற்றுப் போகும். கூட்டிலிருந்து வெளிவந்து இறக்கை உலர்ந்த பூச்சியை, இறக்கைகளை மேல்நோக்கி மடித்து, முக்கோணக் காகித உறையில் வைக்கிறார்கள். குளிர்ப் பொதிகளுடன் பெட்டியில் அடுக்கி, மறுநாளே சேரும்படி விரைவு அஞ்சலில் அனுப்புகிறார்கள். நிகழ்ச்சிக்குச் சற்று முன்பு பெட்டியை வெளியே எடுத்து வைத்தால் வெப்பம் ஏறி, உறையைத் திறக்கும்போது பறக்கும்.

பறக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் அதற்கு வெயில் வேண்டும். வண்ணத்துப் பூச்சியின் மார்புத் தசை சூடேறினால்தான் இறக்கை இயங்கும். பகலில், காற்றும் மழையும் இல்லாத நேரத்தில், திறந்த வெளியில் செய்ய வேண்டிய காரியம் இது. அமெரிக்காவில் பிற்பகலில் புல்வெளியில் நடக்கும் திருமணத்துக்கு இது பொருந்தும். நம் ஊரில் வரவேற்பு இரவு ஏழு மணிக்குத் தொடங்குகிறது. முகூர்த்தம் விடியற்காலை நாலரை மணிக்கு. குளிரூட்டப்பட்ட மண்டபத்தில் இரவு எட்டு மணிக்கு உறையைத் திறந்தால் பூச்சி விருந்தினரின் உள்ளங்கையிலேயே உட்கார்ந்திருக்கும். அல்லது ஒளிவிளக்கை நோக்கிப் போய் மோதும். அல்லது தரை விரிப்பில் விழும். குழந்தைகள் ஓடி விளையாடும் இடத்தில் தரையில் விழுந்த பூச்சிக்கு என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சித்திரை, வைகாசியில் பெட்டி எங்காவது ஒரு பேருந்து நிலையச் சரக்கு அறையில் நான்கு மணி நேரம் தாமதமானாலும் போதும். திருப்பதியின் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டக்கூடியது. வண்ணத்துப் பூச்சியின் வளர்ந்த பருவம் பல இனங்களில் இரண்டு முதல் நான்கு வாரங்களே. அதில் சில நாள்களை உறைக்குள் கழித்துவிட்டு வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?: 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம்தான் அடிப்படை. அச்சட்டம் முதலில் எழுதப்பட்டபோது, 'வன உயிரினம்' என்பதற்கான விளக்கத்திலேயே தேனீக்கள், வண்ணத்துப் பூச்சிகள், அந்துப் பூச்சிகள், மீன்கள் ஆகியவை பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருந்தன. இன்று சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் அந்த விளக்கத்தில் வண்ணத்துப் பூச்சி என்ற சொல் இல்லை. 2002-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதை நீக்கிவிட்டது.

இதைப் படித்துவிட்டு, "சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள், எனவே விற்கலாம்" என்று வாதிடுவது தவறு. அதே திருத்தம், 'விலங்கு' என்பதன் விளக்கத்தை விரிவாக்கி, முதுகெலும்பற்ற உயிரினங்கள் அனைத்தையும், அவற்றின் குஞ்சுகள், முட்டைகளையும் உள்ளடக்கியது. பெயர் போனது, பாதுகாப்பு போகவில்லை. முட்டையையும் புழுவையும் எடுத்து வளர்த்தேன், வளர்ந்த பூச்சியைப் பிடிக்கவில்லை என்ற சமாதானத்துக்கும் அதன் பிறகு இடமில்லை.

அடுத்த கட்டம் அட்டவணைகள். எல்லா வண்ணத்துப் பூச்சிகளும் பாதுகாக்கப்பட்டவை அல்ல. சட்டத்தின் அட்டவணைகளில் இடம்பெற்றவை மட்டுமே 'வன விலங்கு' ஆகும். அவற்றைப் பிடிப்பதும் சட்டப்படி வேட்டைதான். பிடிக்காமல் பண்ணையில் வளர்த்தாலும் அது 'சிறைப்பட்ட விலங்கு' என்ற வரையறைக்குள் வந்துவிடுகிறது. விற்பதற்கும் வாங்குவதற்கும் தடை உண்டு.

2022-இல் இந்த அட்டவணைகள் மொத்தமாக மாற்றி எழுதப்பட்டன. திருத்த மசோதா 2021 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமாகி, ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. 2022 ஏப்ரலில் குழு அறிக்கை தந்தது. ஆகஸ்டில் மக்களவையும் டிசம்பரில் மாநிலங்களவையும் நிறைவேற்ற, 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆறு அட்டவணைகள் நான்காயின. அவற்றில் மூன்றாவது தாவரங்களுக்கு. நான்காவது சர்வதேச வர்த்தக ஒப்பந்தத்தில் உள்ள உயிரினங்களுக்கு. வண்ணத்துப் பூச்சிகள் முதல் இரண்டு அட்டவணைகளிலும் நீண்ட பட்டியலாக, லத்தீன் பெயர்களில் வருகின்றன. அவையில் விவாதம் நடந்தபோது முன்னால் நின்றது யானைதான். கோயில் யானைகளையும் வளர்ப்பு யானைகளையும் இடம் மாற்றுவதற்கான விதிவிலக்கு பற்றியே அதிகம் பேசப்பட்டது. யானைக்கு அவையிலும் எடை அதிகம்.

தண்டனையும் கூடியது. பொதுவான மீறல்களுக்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். முதல் அட்டவணை உயிரினம் என்றால் குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஏழாண்டு சிறை, அபராதம் ரூ. 25,000-க்குக் குறையாது.

இவற்றோடு ஒப்பிடுகையில், 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வியப்பூட்டுகிறது. அச்சட்டப்படி 'விலங்கு' என்றால் மனிதனைத் தவிர்த்த எந்த உயிரினமும்தான். உறைக்குள் மடித்து வைக்கப்பட்ட பூச்சியும் அதில் அடங்கும். முதல் குற்றத்துக்கு அது வைத்த அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை.

ஒரே உருவம், இரு தலையெழுத்து: சிக்கல் எங்கே எழுகிறது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். எருக்கஞ் செடியில் முட்டையிட்டு வளரும் ஆரஞ்சு நிற 'பிளெயின் டைகர்' நம் தெருக்களில் சாதாரணமாகப் பறப்பது. எருக்கின் நஞ்சு அதன் உடலில் ஏறியிருப்பதால் பறவைகள் அதை உண்பதில்லை. இதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது 'டானைட் எக்ஃப்ளை' என்ற வேறோர் இனம். அதன் பெண் பூச்சி, அச்சு அசலாக பிளெயின் டைகரைப் போலவே தோற்றமளித்து உயிர் தப்புகிறது. முந்தைய சட்டத்தில் பிளெயின் டைகர் எந்த அட்டவணையிலும் இல்லை. அதன் வேஷத்தில் திரிந்த டானைட் எக்ஃப்ளையோ, புலிக்கும் சிங்கத்துக்கும் உரிய முதல் அட்டவணையில் இருந்தது.

இறக்கையை மடித்து உறைக்குள் கிடக்கும் பூச்சி இவ்விரண்டில் எது என்று மண்டபத்தில் எவர் சொல்ல முடியும்? பறவையையே ஏமாற்றும் வேஷத்தை ஒரு வனக் காவலரோ, கூரியர் அலுவலக எழுத்தரோ கண்டுபிடித்துவிடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அண்ணனின் ஏற்பாட்டாளரிடம் இனத்தின் பெயரைக் கேட்கச் சொன்னேன். "கலர் கலராக வரும் சார்" என்பதே பதில்.

வெளிநாட்டு மொனார்க்கை வரவழைத்தால் நம் அட்டவணைச் சிக்கல் இல்லையே என்று ஒரு யோசனை எழலாம். அங்கேயும் ஒரு சட்டம் காத்திருக்கிறது. 1914-இல் ஆங்கிலேயர் காலத்தில் இயற்றப்பட்ட அழிவுப் பூச்சிகள் சட்டத்தின்கீழ் 2003-இல் வெளியிடப்பட்ட தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, உயிருள்ள பூச்சிகளை முன் அனுமதியின்றி இறக்குமதி செய்ய முடியாது.

இந்தக் கடுமைக்குக் காரணம் உண்டு. நம் எலுமிச்சை மரங்களில் வளரும் 'லைம்' வண்ணத்துப் பூச்சி ஆசியாவைச் சேர்ந்தது. 2004-இல் அது அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், கரீபிய நாடான டொமினிகன் குடியரசில் காணப்பட்டது. பிறகு போர்ட்டோ ரிக்கோ, ஜமைக்கா என்று பரவி அங்குள்ள ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டக்காரர்களைக் கவலையில் ஆழ்த்தியது. அது தென்கிழக்கு ஆசிய வம்சம் என்பதை மரபணு ஆய்வு காட்டியது. திருப்பதிக்கு வடக்கே கூடூர் எலுமிச்சைச் சந்தையை நம்பிப் பிழைக்கும் விவசாயிகளுக்கு இதன் பொருள் விளங்கும். இறக்கை அழகாக இருக்கலாம்; இலையைத் தின்பது அதன் புழு.

மாட்டிக்கொண்டவர்கள்: வண்ணத்துப் பூச்சிக்காக யார் சிறைக்குப் போகப் போகிறார்கள் என்று சிரிக்க வேண்டாம். 2008 ஜூனில் டார்ஜிலிங் மாவட்டத்தில் சிங்கலிலா தேசியப் பூங்கா பகுதியில் பூச்சிகளைச் சேகரித்ததாக இரு செக் நாட்டுப் பூச்சியியலாளர்கள் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் டார்ஜிலிங் நீதிமன்றம் ஒருவருக்கு ரூ. 20,000 அபராதமும், மற்றவருக்கு மூன்றாண்டுச் சிறையும் ரூ. 60,000 அபராதமும் விதித்தது. சிறைத் தண்டனை பெற்றவர் ஜாமீனில் இருந்தபோது நாட்டைவிட்டே தப்பிச் சென்றார். இலங்கையில் யாலா தேசியப் பூங்காவில் 2020-இல் பூச்சிகளுடன் பிடிபட்ட இத்தாலியத் தந்தைக்கும் மகனுக்கும் 2024 செப்டம்பரில் விதிக்கப்பட்ட அபராதம் ஆறு கோடி இலங்கை ரூபாய். இவர்கள் வாங்கிப் பறக்கவிட்டவர்கள் அல்லர், பிடித்தவர்கள். ஆனால் திருமண மேடைக்கு வரும் நூறு பூச்சிகளையும் யாராவது எங்கிருந்தாவது பிடித்தோ வளர்த்தோதான் அனுப்ப வேண்டும்.

திருப்பதி விஷயத்தில் இந்த 'எங்கிருந்தாவது' முக்கியமானது. ஊரை ஒட்டியே சேஷாசலம் மலை. 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அதன் பரப்பு 4,755 சதுர கிலோமீட்டர். அதற்குள் 353 சதுர கிலோமீட்டரில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா தேசியப் பூங்கா. தலக்கோணம் அருவியும் அங்கேதான் இருக்கிறது. சித்தூர் பக்கம் பலமனேரை ஒட்டி கௌண்டின்யா சரணாலயம். தேசியப் பூங்காவுக்குள்ளிருந்து அட்டவணையில் இல்லாத பூச்சியைக்கூட அனுமதியின்றி எடுத்து வர முடியாது. செம்மரம் கடத்துகிறவர்களையே முழுமையாகத் தடுக்க முடியாத மலையில், பையில் காகித உறைகளோடு இறங்கி வருகிறவனை யார் சோதிக்கப் போகிறார்கள்? தேவை பெருகினால் மலைக்குப் போகும் கால்களும் பெருகும் என்பதே வனத்துறைப் பெரியவரின் அச்சமாக இருந்தது. அதில் நியாயம் இருக்கிறது.

பட்டுக்கூடு எழுப்பும் கேள்வி: எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்ல வேண்டும். அதைச் சொன்னவர் அண்ணனே. "பலமனேரிலும் குப்பத்திலும் விவசாயி வளர்ப்பதும் இந்த ஜாதிப் பூச்சிதானே? கூட்டைக் கிழித்துக்கொண்டு அது வெளியே வருவதற்குள் சூட்டில் போட்டுக் கொன்று நூல் எடுக்கிறோம். அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் பெண் மணவறையில் உட்காருகிறாள். அதற்கு மானியம், நான் நூறு பூச்சியைப் பறக்கவிட்டால் கேஸா?"

தட்டிக்கழிக்க முடியாத கேள்வி. சித்தூர் வட்டாரத்தில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்ப்பது பல்லாயிரம் குடும்பங்களின் வருவாய். அதற்கு 1948-ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் மத்திய பட்டு வாரியமும் உண்டு. சட்டத்தின் விடை உணர்ச்சியற்றது: பட்டுப்பூச்சி பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனிடம் வளர்ந்து, பறக்கும் ஆற்றலையே இழந்துவிட்ட வளர்ப்புப் பிராணி. அந்த இனம் காட்டில் வாழ்வதில்லை. தப்பிப் போனால் நோயைக் கொண்டுபோய்ச் சேர்க்க இடமும் இல்லை. வண்ணத்துப் பூச்சி அப்படி அல்ல. பண்ணை நெருக்கத்தில் வளர்ந்த பூச்சி, வெளியே உள்ள தன் இனத்தோடு கலக்கும். மொனார்க் இனத்தில் ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி உண்டு. இறக்கைச் செதில்களோடு உதிர்ந்து, தாயிடமிருந்து முட்டைக்கும் புழுவுக்கும் தொற்றும். நெருக்கமாக வளர்க்கும் இடங்களில் அது எளிதில் பெருகுகிறது. அமெரிக்க வண்ணத்துப் பூச்சி ஆர்வலர் சங்கம் வணிக நோக்கில் பறக்கவிடுவதை எதிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்நாட்டு வேளாண் துறை, சில இனங்களை மட்டுமே மாநில எல்லை தாண்டி அனுப்ப அனுமதிக்கிறது. மொனார்க்கை ராக்கி மலைத்தொடரின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் அனுப்பக் கூடாது.

அதே மொனார்க்கின் நிலையையும் பார்க்கலாம். கலிபோர்னியாக் கடற்கரையில் குளிர்காலத்தில் தங்கும் கூட்டம் 1997-இல் 12 லட்சத்துக்கும் மேல். 2020-இல் எண்ணியபோது இரண்டாயிரத்துக்கும் குறைவு. திருமணங்கள்தான் இதற்குக் காரணம் என்று எவரும் சொல்லவில்லை. வாழிட அழிவும் பூச்சிக்கொல்லியும் பருவநிலையும் முதன்மைக் காரணங்கள். ஆனாலும் 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு அதை ஆபத்துக்குள்ளான இனமாகப் பட்டியலிட முன்மொழிந்தது. டஜன் கணக்கில் விலைக்குக் கிடைத்த பூச்சி இந்நிலைக்கு வந்திருக்கிறது.

நம் மலைகளிலும் இப்படி ஒரு பயணம் நடக்கிறது. தென்மேற்குப் பருவமழைக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலைகளை நோக்கியும், வடகிழக்குப் பருவத்தையொட்டித் திரும்பவும் 'புளூ டைகர்', 'குரோ' இனங்கள் ஆயிரக்கணக்கில் இடம்பெயர்கின்றன. அவை காசு வாங்காமல் பறப்பவை.

காசு வாங்கிக்கொண்டு முறையாகச் செய்யவும் வழி இல்லாமல் இல்லை. கென்யாவில் அராபுகோ-சொகோகே காட்டையொட்டிய கிராமத்தார் 1993 முதல் கிபெபியோ என்ற திட்டத்தின்கீழ் வண்ணத்துப் பூச்சிக் கூடுகளை வளர்த்து வெளிநாட்டுக் காட்சியகங்களுக்கு ஏற்றுமதி செய்கின்றனர். காடு இருந்தால்தான் வருமானம் என்பதால் காட்டை அவர்களே காக்கின்றனர். பட்டுப்புழு வளர்த்துப் பழகிய பலமனேர் விவசாயிக்கு இந்த வேலை பத்து நாளில் பிடிபட்டுவிடும். பெங்களூர் பன்னேர்கட்டாவில் 2006-லும், திருச்சி ஸ்ரீரங்கம் அருகே 2015-லும் அரசே பூங்கா அமைத்தது. அவை பார்வைக்கு உரியவை. பெட்டியில் அடைத்து விற்பதற்கு அல்ல. அட்டவணையில் இல்லாத உள்ளூர் இனங்களை உரிமம் பெற்று வளர்க்கலாமா, அதற்கு மாநிலப் பல்லுயிர் வாரியம் என்ன நிபந்தனை வைக்கும் என்பதை ஆந்திர அரசோ மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமோ தெளிவாக எழுதி வைத்தால், ஏற்பாட்டாளரும் பிழைப்பார். பெண்ணைப் பெற்றவரும் பயப்பட வேண்டியதில்லை.

பெயரில் உள்ள புடவை: தெலுங்கில் வண்ணத்துப் பூச்சிக்கு 'சீதாகோகசிலுக' என்று பெயர். சீதை, கோக என்னும் புடவை, சிலுக என்னும் கிளி. 'அலைகள் ஓய்வதில்லை' படத்தை பாரதிராஜா 1981-இல் தெலுங்கில் எடுத்தபோது வைத்த தலைப்பும் இதுதான் என்பது தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். சித்தூரில் இரு மொழியும் ஒரே வீட்டில் புழங்கும். 1960 ஏப்ரலில் எல்லை மாற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்து, திருத்தணி இந்தப் பக்கமும் சித்தூர் அந்தப் பக்கமும் என்று ஆன பிறகும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானதில், அண்ணன் வீடும் மகளின் திருமண மண்டபமும் இப்போது இரு வேறு மாவட்டங்கள். வனத்துறையில் எங்கே போய் விசாரிப்பது என்பதே அவருக்குக் குழப்பம்.

இரண்டே தாள்களைக் கேட்கும்படி அவரிடம் சொன்னேன். ஒன்று, வரப்போகும் பூச்சி இனத்தின் லத்தீன் பெயர். மற்றது, அதை வளர்க்கவும் விற்கவும் பெற்ற அனுமதியின் நகல். இரண்டும் இல்லாவிட்டால் வேண்டாம்.

நான்கு நாள் கழித்து அண்ணன் மீண்டும் பேசினார். ஏற்பாட்டாளர் ஒரு தாளும் தரவில்லையாம். அதற்குப் பதிலாக, ரப்பர் வளையத்தை முறுக்கிவிட்டால் படபடவென்று பறக்கும் காகிதப் பூச்சிகளை அதே விலைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "அதைத் திருவிழாக் கடையில் இருபது ரூபாய்க்கு நானே வாங்கிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டேன், தம்பி" என்றார்.

முன்பணம் இன்னும் திரும்பி வரவில்லை.